உதறல்

பங்குனி மாதத்து வெயில் இன்னும் முழுதாக ஏறாத ஒரு திங்கட்கிழமைக் காலையில், ஆற்றம்பேட்டையில் பதனிட்டு, சட்டத்தில் ஆணியடித்துக் காயப்போட்டிருந்த மாட்டுத் தோல்கள் தம்மேல் உட்கார்ந்த ஈக்களை உதற ஆரம்பித்தன.

முதலில் பார்த்தவன் கொட்டகைக் காவல்காரன். காற்றென்று நினைத்தான். காற்றில்லை. ஓர் ஈ வந்து ஒரு தோலின் தோள்பட்டைப் பக்கமாக உட்கார்ந்ததும் அந்த இடம் மட்டும் மேய்ச்சலில் நிற்கும் மாட்டுக்குச் சிலிர்ப்பதைப் போலவே சுருங்கி விரிந்தது. ஈ எழுந்து நடுமுதுகுக்குப் போனது, நடுமுதுகும் சுருங்கி விரிந்தது. காவல்காரன் பீடியை முடித்துவிட்டுப் போய் மேஸ்திரியிடம் சொன்னான். மேஸ்திரி வந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சுண்ணாம்பு பத்தல போல இருக்குது" என்றார்.

சுண்ணாம்பைக் கூட்டினார்கள். தோல்கள் உதறின. உப்பைக் கூட்டினார்கள், பட்டைச் சாயத்தில் இன்னும் நாலு நாள் ஊறப் போட்டார்கள், உருளையில் இட்டு நசுக்கினார்கள். நசுங்கி வழவழப்பாகி வெளியே வந்து காய்ந்து, ஈ வந்து உட்கார்ந்ததும் உதறின. அந்த வாரக் கடைசிக்குள் ஊரிலிருந்த முப்பத்திரண்டு டேனரிகளிலும் இதே கதையாகி, டேனரிக்கு வெளியிலும் பரவி, ஆணியில் மாட்டிய பெல்ட்டு, பீரோவுக்கு மேலே கிடந்த பெட்டி, மாதா கோயில் பாதிரியாரின் தோலட்டை போட்ட வேதப்புத்தகம் என்று ஒரு காலத்தில் மாடாகவோ ஆடாகவோ இருந்த எல்லாமும் உதறத் தொடங்கின. ரெக்சின் உதறவில்லை. இதனால் ஊரில் பல வீடுகளில் சண்டை வந்தது. பத்து வருடமாக ஒரிஜினல் தோலென்று சொல்லிக் கொடுத்த கைப்பையின் மேல் மனைவிமார் ஒரு சொட்டுப் பாயசத்தை வைத்துவிட்டு ஈக்காகக் காத்திருந்தார்கள். சாவு வீட்டுக்கு வந்த பறைக்காரர்கள் குச்சியை ஓங்கினாலே தோல் உள்ளே சுருங்கிக்கொள்வதைப் பார்த்து, அடிக்கும் முன்பு அரைமணி நேரம் அதைத் தட்டிக்கொடுத்துச் சமாதானம் செய்யப் பழகினார்கள், பிணம் அதுவரை காத்திருந்தது. நகராட்சியிலிருந்து சுகாதார ஆய்வாளர் வந்தார், மூக்கைப் பொத்திக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தார், மருந்தடிக்கச் சொன்னார், 'ஈத் தொல்லை அதிகம்' என்று எழுதிக்கொண்டு போனார்.

மூன்று வாரத்தில் எல்லாம் பழகிவிட்டது. இடுப்பில் பெல்ட்டு உதறினால், பேசிக்கொண்டிருக்கும் பேச்சை நிறுத்தாமல் அதன்மேல் ஒரு தட்டு தட்டிவிட்டு மேலே பேசினார்கள். பதனிடுகிறவர்களுக்கு மட்டும் ஒரு கஷ்டம் இருந்தது. ஆணியடித்த தோல் உதறி உதறி ஆணி ஓட்டையில் கிழிந்துபோனது. அதற்கும் ஒரு வழி பிறந்தது. உள்ளங்கையால் மெதுவாகத் தடவிக்கொடுத்தால் தோல் அடங்குகிறது என்று யாரோ கண்டுபிடித்தார்கள். ஒவ்வொரு டேனரியிலும் தடவுவதற்கென்று ஆட்களை வைத்தார்கள். நிழலில் உட்கார்ந்து செய்கிற வேலை, சுண்ணாம்புத் தொட்டியில் நிற்பதைவிட எவ்வளவோ மேல். ஆகவே ஊரில் ஒருவரும் இந்த அதிசயத்தைப் பற்றிக் குறை சொல்லவில்லை.

குறை சொன்னவள் ரூபவதி ஒருத்திதான், அவள் அப்போது ஊரில் இல்லை.

ரூபவதி ஆற்றம்பேட்டையில் பிறந்தவள். அவளுடைய அப்பா சுண்ணாம்புத் தொட்டியில் முப்பது வருடம் நின்று, விரல் நகங்களை இழந்து செத்துப்போனவர். வீட்டுச் சோற்றில், தண்ணீரில், தலையணையில், ஞாயிற்றுக்கிழமைக்கென்று மடித்து வைத்த வெள்ளைச் சேலையில்கூட அந்தத் தோல் ஊறும் நாற்றம் இருந்தது. பத்தொன்பது வயதில் அவள் பட்டணத்துக்கு ஓடிப்போய், குதிரைச் சவாரி சொல்லித்தரும் ஓர் இடத்தில் லாயம் கூட்டும் வேலைக்குச் சேர்ந்தாள். குதிரைச் சாணம் அவளுக்கு நாற்றமாகவே படவில்லை, வெந்த புல்லின் வாசனைதானே என்றாள். கூட்டினாள், குளிப்பாட்டினாள், பிறகு ஏறினாள். நாற்பத்தெட்டு வயதில், மற்றவர்களால் ஏற முடியாத குதிரைகளைச் சரிசெய்து தருகிறவள் என்று பெயர் வாங்கியிருந்தாள். யாராவது கூப்பிடுவார்கள், பெட்டியோடு போவாள், ஒரு மாதம் இருப்பாள், குதிரை ஆளுக்குக் காது கொடுத்ததும் திரும்பிவிடுவாள். இருபத்தைந்து வருடத்தில் ஒரு குதிரையையும் அவள் பாதியில் விட்டதில்லை.

டேனரி முதலாளி தனபூஷணம், தன் குதிரை ஒன்றைச் சரிசெய்து தரச் சொல்லிப் போன் செய்தபோது அவள் மாட்டேன் என்றுதான் சொன்னாள்.

"நீங்க பொறந்த ஊராச்சே மேடம். உங்க அண்ணன் ஜெயசீலன் நம்மகிட்டதானே இருக்காரு" என்றார் தனபூஷணம். "நீங்க வரலேன்னாலும் பரவாயில்ல. குதிரைத் தோலையும் ஒரு தரம் பதம் பண்ணிப் பாத்துடலாம்னு நம்ம மேஸ்திரி சொல்லிக்கிட்டிருக்காரு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மறுநாள் அவள் ரயிலேறினாள்.

ஆற்றுப் பாலத்துக்கு ரயில் வரும்போதே நாற்றம் மூக்கில் ஏறிவிட்டது. பாலத்துக்குக் கீழே ஆறு இல்லை, பழுப்பு நுரைதான் மெத்தை மெத்தையாக நகர்ந்துகொண்டிருந்தது. பெட்டியிலிருந்த உள்ளூர்க்காரர்கள் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டார்கள். ரூபவதி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அண்ணன் வீட்டில் அவளுக்கென்று கட்டிலை ஒதுக்கியிருந்தார்கள். கட்டிலுக்கு மேலே ஆணியில் தொங்கிய அண்ணனின் பெல்ட்டு, அவள் தலைக்கு நேரே, ஒரு முறை சுளித்துக்கொண்டது. ஜெயசீலன் எட்டி அதைத் தட்டினான். "ஒண்ணுமில்ல, ஈ" என்றான். அவள் வாசலுக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தாள்.

குதிரையின் பெயர் பவளம். ஆறு வயதுப் பெட்டை, செம்பழுப்பு நிறம், பந்தயத்துக்கு வாங்கி, பந்தயத்தில் தோற்று, கை மாறி மாறி வந்தது. தனபூஷணம் அதை வாங்கியது சவாரிக்கு இல்லை. அவருடைய டேனரி சேணம் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பத் தொடங்கியிருந்தது. இந்த உதறல் சங்கதி அங்கே எட்டியதும் அந்தக் கம்பெனிக்காரர்கள் பயப்படவில்லை, பெயர் வைத்துவிட்டார்கள்.

"லிவிங் லெதர்" என்றார் தனபூஷணம், அந்தச் சொல்லை மிட்டாயைப் போல வாயில் வைத்திருந்து. "உயிருள்ள தோல். எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கிறாங்களாம். ஆனா அந்தச் சேணத்தை ஒரு குதிரை ஏத்துக்குதுன்னு அவங்க கண்ணால பாக்கணுமாம். இருபது நாள்ல வர்றாங்க. இந்தக் குதிரைக்குக் கண்ணு ஊரு மேலதான் இருக்குது மேடம், ஏறுனவன் மேல இல்ல. மூணு பேரைத் தள்ளிடுச்சு."

லாரி வந்து நிற்கும் டேனரிப் பின்கட்டுதான் சவாரி மைதானம். ஒரு பக்கம் காயும் தோல்கள், ஒரு பக்கம் தோலிலிருந்து சுரண்டிப் போட்ட சவ்வுக் குவியல், நடுவே கழிவுநீர்க் கால்வாய். ரூபவதி முதல் நாள் சேணத்தைத் தொடவில்லை. பவளத்தின் முதுகில் ஒரு ஜமக்காளத்தை மடித்துப் போட்டுக் கட்டி ஏறினாள். பவளத்தின் காதுகள் இரண்டும் எதிரெதிர்ப் பக்கம் திரும்பி, தோல்களைக் கேட்டன, கால்வாயைக் கேட்டன, தூரத்தில் விழுந்த தகர மூடியைக் கேட்டன, முதுகிலிருந்த மனுஷியை மட்டும் கேட்கவில்லை. ஒரு காகிதம் பறந்தது. பவளம் பக்கவாட்டில் இரண்டடி குதித்தது. ரூபவதி கடிவாளத்தை இழுக்கவில்லை, அதட்டவில்லை. பயப்படுகிற குதிரையை அடித்தால் அதன் பயத்துக்கு ஒரு காரணத்தை நாமே கையில் கொடுக்கிறோம் என்பது அவளுக்குத் தெரியும்.

அவள் செய்தது ஒன்றுதான். ஓயாமல் அதனிடம் சின்னச் சின்னதாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். முட்டியை லேசாக அழுத்தி, இந்தப் பக்கம் வா என்றாள். வந்ததும் நில் என்றாள். நின்றதும் இரண்டடி பின்னால் போ என்றாள். அது முடியும் முன்பே ஒரு வட்டம் போடு, வட்டத்தைச் சுருக்கு, இப்போது ஓட்டநடை, இப்போது மெதுநடை, இந்தப் பக்கம் திரும்பு. ஒன்றுக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் இன்னொன்று வந்துவிடுவதால் வெளியே பார்க்க அதற்கு நேரமில்லாமல் போனது. பதில் சரியாக இருந்தபோதெல்லாம் கடிவாளத்தைத் தளர்த்தி அதன் கழுத்தைச் சொறிந்துவிட்டாள். மூன்றாம் நாள் வலது காது அவள் பக்கம் ஒரு கணம் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனது. ஆறாம் நாள் அந்தக் காது திரும்பி அங்கேயே நின்றது. இடது காது ஊரைக் கேட்டுக்கொண்டிருந்தது. அது போதும். ஒரு காது ஊருக்கும் ஒரு காது தனக்கும் இருக்கிற குதிரையைத்தான் ரூபவதிக்குப் பிடிக்கும்.

ஏழாம் நாள் சேணம் வந்தது. மூன்று பேர் ஒரு மாதம் உட்கார்ந்து தைத்த, பலாக்கொட்டை நிறத்துப் புதுச் சேணம். வைத்தபோது அடங்கித்தான் இருந்தது. பவளத்தின் உடம்புச் சூடு ஏற ஏற அதற்கும் சூடேறி, ஓர் ஈ வந்து அதன் மடிப்பில் உட்கார்ந்ததும், ரூபவதியின் தொடைக்குக் கீழே சேணம் சுளித்து உதறியது. அவளுக்கே உச்சந்தலை வரை கூசியது. பவளம் வில்லை வளைத்தது போல் முதுகைத் தூக்கித் துள்ளியது. தன் முதுகின் மேல், தன்னுடையதல்லாத இன்னொரு முதுகு இருக்கிறது என்று அதற்குத் தெரிந்துவிட்டது. இரண்டாவது துள்ளலில் ரூபவதி காற்றில் எழும்பி, சவ்வுக் குவியலில் போய் இடுப்புவரை புதைந்தாள். வெதுவெதுப்பாக, வழவழவென்று, கை ஊன்றினால் கை உள்ளே போனது. வாய்க்குள் ஏதோ புகுந்தது. அதை அவள் துப்பித் துப்பி மாளவில்லை.

தனபூஷணம் ஓடி வந்தார். "அடி ஏதாவது பட்டுச்சா?" என்று பதறிக்கொண்டே போய்ச் சேணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஜமக்காளத்துல ஓட்டிக் காட்டுறேன் சார். பாத்தீங்கல்ல, காது கொடுக்குது" என்றாள் ரூபவதி, முகத்தை வழித்துக்கொண்டு.

"நான் விக்கிறது ஜமக்காளம் இல்ல மேடம்" என்றார் அவர். கொஞ்ச நேரம் பவளத்தின் வயிற்றுப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், ஒரு தோலில் எத்தனை சதுர அடி தேறும் என்று பார்க்கிற பார்வை அது. "பதிமூணு நாள் இருக்குது" என்றார்.

அன்று மத்தியானம் அவள் சேணத்தைத் தூக்கிக்கொண்டு அண்ணனைத் தேடிப் போனாள். தடவுகிற கொட்டகையில் வரிசை வரிசையாக ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு தோல் விரிந்து கிடந்தது. பேச்சில்லை, உள்ளங்கைகள் போய் வருகிற சரசரப்பு மட்டும். சுண்ணாம்பு தின்று ரேகையழிந்த தன் கையால் ஜெயசீலன் கழுத்திலிருந்து வால் பக்கமாக ஒரு தோலைத் தடவிக்கொண்டிருந்தான்; அது ஒரு பெருமூச்சு விட்டாற்போல் தளர்ந்து தரையோடு படிந்ததும், மறு கையால் ஆணியை எடுத்து அதன் ஓரத்தில் அடித்தான்.

ரூபவதி சேணத்தைக் கீழே வைத்தாள். "எப்படிண்ணா உனக்கு மனசு வருது?"

அவன் நிமிரவில்லை. "இன்னா பண்ணச் சொல்றே? நாப்பது வருஷம் இதுங்கள மிதிச்சேன், அலசினேன், சுரண்டினேன். ஒண்ணுக்காவது நான் இருக்கறது தெரிஞ்சிருக்குமா? இப்போ கைய வச்சா அடங்குது ரூபா. என் கைன்னு கண்டுக்குது. ஊட்ல உங்க அண்ணிக்குக்கூட நான் இருக்கறது இவ்ளோ தெரியாது."

"அடங்கினதும் ஆணியடிக்கிறியே."

"அடிக்கலன்னா கிழிஞ்சிடுமே" என்றான் ஜெயசீலன், நிஜமான அக்கறையோடு.

சேணத்தை அவன் அரைமணி நேரம் தடவிக்கொடுத்தான், அடங்கியது. பவளத்தின் முதுகில் வைத்துக் கால்மணி ஆவதற்குள் மறுபடி உதறியது. இரண்டு நாள் இப்படியே போனது. பதினோரு நாள் மிச்சமிருந்தது.

ரூபவதிக்கு இன்னொரு வழியும் தெரியும். பட்டணத்தில் வேறு ஆட்கள் செய்து பார்த்திருக்கிறாள். செய்தவர்களோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட மாட்டேன் என்று எழுந்து போயிருக்கிறாள். பயப்படுகிற பொருளைக் குதிரையின் உடம்பிலேயே கட்டி, குதிரையையும் ஓடமுடியாமல் கட்டி, பயப்பட்டுத் தீரும்வரை விட்டுவிடுவது. பயம் தீரும். கூடவே என்னென்ன தீரும் என்று யாரும் பார்ப்பதில்லை.

அவள் கருப்பட்டியைக் கரைத்துச் சேணம் முழுவதும் பூசினாள். பவளத்தின் மேல் வைத்து வாரை இறுக்கினாள். லாயத்தின் இரண்டு தூண்களுக்கு நடுவில் இரண்டு பக்கமும் கயிறு போட்டுக் கட்டினாள். பிறகு வெளியே வந்து படலைச் சாத்திவிட்டு, படலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். ஆற்றம்பேட்டையின் ஈக்களுக்குச் சொல்லி அனுப்ப வேண்டியிருக்கவில்லை. உள்ளே குளம்புகள் தரையை இடித்தன, தூண்கள் முனகின, பவளம் கனைத்த கனைப்பில் தடவுகிற கொட்டகையில் அத்தனை தோல்களும் ஒரே நேரத்தில் எழும்பி அடங்கின என்று பிற்பாடு ஜெயசீலன் சொன்னான். சாயங்காலம் அவள் உள்ளே போனபோது பவளம் வியர்த்து நுரைத்து நின்றது, ஆற்றின் நுரைக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. அவள் அதைக் கழுவிவிட்டாள். மறுநாள் காலை மறுபடியும் கருப்பட்டி கரைத்தாள்.

முதல் நாள் முழுக்க உதைத்தது. இரண்டாம் நாள் மத்தியானம் வரை. மூன்றாம் நாள் நடுங்கியது. நான்காம் நாள் தலையைத் தொங்கப் போட்டது. ஐந்தாம் நாள் லாயத்திலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. ரூபவதி படலைத் திறந்தாள். சேணம் கறுப்பாக ஈ மொய்த்து விடாமல் சுளித்துச் சுளித்து உதறிக்கொண்டிருக்க, அதற்குக் கீழே பவளம் மரப்பொம்மை போல நின்றது. காதுகள் இரண்டும் அவள் பக்கம் திரும்பின.

அவள் ஏறினாள். நினைப்பதற்குள் செய்தது. இடது என்று நினைத்தால் இடது, நில் என்று நினைத்தால் நின்றது. தகரத்தை அடித்துப் பார்த்தாள், பெரிய பிளாஸ்டிக் தாளை முகத்துக்கு நேரே உதறிப் பார்த்தாள். காதுகள் அவளை விட்டு நகரவில்லை. இருபத்தைந்து வருடத்தில் இப்படியொரு குதிரையின் மேல் அவள் உட்கார்ந்ததில்லை. இறங்கிக் கடிவாளத்தைக் கழற்றும்போதுதான் பார்த்தாள், பவளத்தின் கண் ஓரத்தில் ஓர் ஈ உட்கார்ந்திருந்தது. அது மெல்ல நடந்து கண்ணின் ஈரத்துக்குள் வாயை வைத்தது. பவளம் சிமிட்டவில்லை. ரூபவதி சொல்வாள் என்று காத்துக்கொண்டிருந்தது.

அவளே கையால் அந்த ஈயை ஓட்டினாள். பிறகு தொட்டியில் கையைக் கழுவினாள், மறுபடி கழுவினாள்.

வெளிநாட்டுக்காரர்கள் ஒரு பெண்ணும் ஓர் ஆணுமாக வந்தார்கள். காரிலிருந்து இறங்கும்போதே மூக்குக்கு முகமூடி. பின்கட்டு முழுக்கப் பந்தல் போட்டு, கால்வாய்க்கு மேல் பலகை பரப்பி, சவ்வுக் குவியலைத் தார்ப்பாயால் மூடியிருந்தார்கள். ரூபவதி புதுச் சட்டை, கால்சராயில், பவளத்தை வட்டமாக, எட்டாக, குறுக்காக ஓட்டிக் காட்டினாள். அவர்கள் கிட்டே வந்தார்கள். சேணம் உதறியபோது அந்த ஆள் அதன்மேல் உள்ளங்கையை வைத்து, கிச்சுகிச்சு மூட்டிய குழந்தையைப் போலச் சிரித்தான். அந்தப் பெண் பவளத்தின் காதுகளைக் காட்டி ஏதோ சொன்னாள், தனபூஷணம் மொழிபெயர்த்தார்: "இவ்ளோ கவனமான குதிரைய இவங்க பாத்ததே இல்லையாம் மேடம்." அன்றே நாலாயிரம் சேணத்துக்குப் பேச்சு முடிந்தது. டேனரி முழுக்க பிரியாணி போட்டார்கள். தடவுகிற கொட்டகைக்கு ஜெயசீலனை மேஸ்திரியாக்கினார்கள். எல்லோரும் தோல் தடவிய கையோடு உட்கார்ந்து, எலும்பை உறிஞ்சிச் சாப்பிட்டார்கள், வயிறாரச் சிரித்தார்கள், இந்த உதறல் வந்ததிலிருந்துதான் ஊருக்கு நல்ல காலம் என்று பேசிக்கொண்டார்கள். ரூபவதியின் இலையில் அண்ணன் பார்த்துப் பார்த்து இரண்டு துண்டு அதிகம் வைத்தான். அவள் இலையை மடித்தாள்.

கை கழுவிவிட்டு ஜெயசீலன் அவளோடு லாயத்துக்கு வந்தான். தங்கையின் திறமையை எல்லோரும் புகழ்ந்ததில் அவனுக்கு ஒரே பூரிப்பு. சேணம் இறக்கிய பவளத்தின் கழுத்தில் கையை வைத்து, பழக்கதோஷத்தில், கழுத்திலிருந்து முதுகு நோக்கித் தடவினான். பாதி முதுகில் கை நின்றது. மறுபடி கழுத்துக்குப் போய்த் தடவினான். அவன் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

"ரூபா, இது இன்னா?"

"என்ன?"

"நான் டெய்லி நூறு தோலு தடவுறேன். செத்துப் பதமாகி மாசக்கணக்கானது. தொட்டா எல்லாம் எதுனா ஒண்ணு சொல்லும். இது ஒண்ணுமே சொல்லலியே." அவன் கையை எடுத்துத் தன் வேட்டியில் துடைத்துக்கொண்டான். நாற்பது வருடம் சுண்ணாம்பிலும் சவ்விலும் கிடந்த அந்தக் கை அருவருத்துத் துடைத்துக்கொண்டதை ரூபவதி முதன்முதலாகப் பார்த்தாள்.

அவள் நேராகத் தனபூஷணத்திடம் போனாள். "எனக்குக் கூலி வேண்டாம் சார், குதிரையக் குடுத்துடுங்க."

"இனிமே எனக்கெதுக்கு மேடம் குதிரை?" என்றார் அவர் தாராளமாக. "ஓட்டிட்டுப் போங்க. சேணத்தை மட்டும் வச்சுடுங்க."

மறுநாள் காலை ரூபவதி பவளத்தின் கழுத்தில் ஒரு கயிறு மட்டும் போட்டு, நடந்தே ஊரைவிட்டுக் கிளம்பினாள். அதன்மேல் ஏற அவளுக்கு மனம் வரவில்லை. ஆற்றங்கரையோடு போய், பெருஞ்சாலையைத் தாண்டி, ஏலகிரிப் பக்கமாகப் போகும் மண்பாதையில் திரும்பினாள். நாற்றம் ஒரு நாள் முழுக்கக் கூடவே வந்தது. அவள் நடந்தால் பவளம் நடந்தது, நின்றால் நின்றது, கல் தடுக்கித் தடுமாறினால் அதுவும் ஓர் அடி தடுமாறியது. வழியில் புல் இருந்தது, அவள் சொல்லாமல் குனியவில்லை. பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு உரசிப் போனது, திரும்பவில்லை. ஒரு புளியமரத்துக்குப் பின்னால் அவள் மறைந்து நின்று பார்த்தாள். மரத்தைத் துளைத்துக்கொண்டு இரண்டு காதுகளும் அவளையே கேட்டன. ஒரு காலத்தில் அந்தக் காதுக்காக அவள் நாட்கணக்கில் தவமிருந்தவள். இப்போது அந்த இரண்டு காதுகளையும் பார்க்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. அது அவள் செய்து வைத்த வேலை. தன் கைரேகையைச் சுவரெல்லாம் பார்க்கிறாற்போலிருந்தது.

"எங்கேயாவது பாரேன்" என்று கெஞ்சினாள். "அதோ பாரு, மயிலு. பாரேன், சனியனே."

பவளம் அவளையே பார்த்தது.

இரண்டாம் நாள் ஒரு கோயில் குளத்தில் அதைக் குளிப்பாட்டினாள். மூன்றாம் நாள், கேட்பதை நிறுத்தினாள். வா, போ, நில் எதுவும் சொல்லவில்லை. கயிற்றைப் பிடித்திருந்தாளே தவிர இழுக்கவில்லை. மனதுக்குள்ளேகூட ஒன்றும் சொல்லாமலிருக்கப் பழகினாள், அதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது. அது நிற்கிற இடத்தில் உட்கார்ந்தாள். ஒரு வேலிக்குப் பக்கத்தில் பாதி நாள் அப்படி உட்கார்ந்திருந்தார்கள். போகிற வருகிறவர்கள், குதிரைக்குச் சீக்கா, உனக்கா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். சாயங்காலம் பவளம் தானாகத் தலையைக் குனிந்து ஒரு வாய் புல் கடித்தது. உடனே தப்புச் செய்துவிட்டதைப் போல நிமிர்ந்து அவளைக் கேட்டது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நான்காம் நாள் காலை லேசாகத் தூறல். பாதையின் ஒரு பக்கம் கம்பங்கொல்லை, இன்னொரு பக்கம் கடலைக்காடு. தூறலில் மாட்டு ஈ ஒன்று ஒதுங்க இடம் தேடி வந்து பவளத்தின் தோளில் உட்கார்ந்தது. ரூபவதி அதை ஓட்டக் கையைத் தூக்கப் போனாள், பிறகு தூக்கவில்லை. ஈ வாயை ஊன்றிக் கடித்தது. கடித்த இடத்தைச் சுற்றித் தோல், ஒரு விரற்கடை அளவுக்கு, சுருங்கி விரிந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மறுபடி சுருங்கி விரிந்தது, ஈ பறந்தது.

அந்த நேரத்தில்தான் கடலைக்காட்டில் குனிந்து களை பறித்துக்கொண்டிருந்த ஒருத்தி, தூறலுக்கு மஞ்சள் நைலான் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு சட்டென்று எழுந்து நின்றாள்.

பவளம் நாலு காலும் தரையை விட்டு எழும்ப, பக்கவாட்டில் பறந்தது. கயிறு ரூபவதியின் உள்ளங்கையைத் தோலோடு உரித்துக்கொண்டு போனது. வேலியைத் தாண்டி, வரப்பைத் தாண்டி, வாலைக் கொடியாகத் தூக்கிக்கொண்டு, பின்னங்காலை உதைத்துக்கொண்டு, கடலைக்காட்டைக் கோணல்மாணலாக உழுதுகொண்டு ஓடியது.

"அடிப்பாவி! யாரு குதிரைடி அது? மூணு மாசத்துப் பாடெல்லாம் போச்சே! கண்ணவிஞ்சா போச்சு உனக்கு? கயித்தைப் புடிக்கத் துப்பில்லாதவளுக்கு குதிரை என்னாத்துக்குடி?" சாக்குக்காரி கையில் களைக்கொட்டோடு வரப்பேறி வந்தாள்.

ரூபவதி சேற்றில் உட்கார்ந்திருந்தாள். கையிலிருந்து ரத்தம் சொட்டியது. அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாமல் அந்தப் பெண் கொஞ்சம் தயங்கினாள்.

"திட்டுங்க அக்கா" என்றாள் ரூபவதி. "இன்னும் நல்லா சத்தமா திட்டுங்க."

பவளம் கடலைக்காட்டின் அந்தக் கோடியில் போய் நின்றது. ஒரு காது மலைப்பக்கம் இருந்தது, ஒரு காது கொல்லைப்பக்கம். ரூபவதி எழுந்து நின்று அதன் பேரைச் சொல்லி ஒருமுறை கூப்பிட்டாள், கையைத் தட்டி இன்னொரு முறை கூப்பிட்டாள். அது திரும்பிப் பார்க்கவே இல்லை.